சிரிப்புக்கு இடமானவன்

ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட 'ஃபனி போய்' நாவலை நம்முடைய இலக்கியம் என்று கொள்ளலாமா? கொட்டாஞ்சேனையிலுள்ள நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கு இரண்டு தயக்கங்கள். நாவல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பது ஒன்று. மற்றதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கதைநாயகன் ஆர்ஜி ஆண்களை நேசிப்பவன்.

கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆறு கதைகள் சேர்ந்த நாவல் இது. முதற்கதையில், பாட்டி வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிறன்று பெண்பிள்ளைகளின் கல்யாண விளையாட்டு நடக்கிறது. மணப்பெண் ஆர்ஜிதான். ஒருநாள் சேலை உடுத்த கோலத்திலேயே மாமி அவனை இழுத்துவந்து பெரியவர்கள் முன் நிறுத்துகிறாள். ஒரு மாமா கேலி பேசுகிறார். அதன்பின் அந்த விளையாட்டு அவனுக்கு இல்லை. வளர்ந்தபின் ஷெஹான் என்ற சிங்கள மாணவனை நேசிக்கிறான். 1983 யூலையில் வீடு எரிகிறது. குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது.

அரபு இலக்கியத்தில் இதற்கொரு துணை உண்டு. ஆணின்மீது ஆண் கொள்ளும் காதலை அபூ நுவாஸ் பாடிய மொழி அது. லெபனான் எழுத்தாளர் ஹுதா பரக்காத்தின் 'சிரிப்பின் கல்' 1990இல் வந்தது. உள்நாட்டுப் போர் நடக்கும் பெய்ரூத்தில், கலீல் தன் அறையைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு ஒதுங்கி வாழ்கிறான். அவன் மனம் வைத்த ஆண்கள் இருவரும் மடிகிறார்கள். கடைசியில் அவனும் ஆயுதக்காரரோடு சேர்ந்து கொடியவனாகிறான். தன் மென்மையை விலையாகக் கொடுத்தே அவன் அந்தக் கூட்டத்தில் இடம் பெறுகிறான். ஆர்ஜி அந்த விலையைக் கொடுக்கவில்லை. அவனுக்கு ஊரே இல்லாமற் போகிறது.

நமது சட்டமும் இவ்விடயத்தில் இறுக்கமானது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இத்தகைய உறவைக் குற்றமாக்கியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் கூறியது 2023இல்தான்.

நண்பருக்கு என் விடை இதுதான். வெள்ளவத்தையில் 1983ஐக் கண்டவர்கள் இந்நாவலின் கடைசிப் பகுதியை வாசித்தால், "இது எங்கள் கதை" என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் முதற்பகுதியைப் பிறர் கதை என்று தள்ளிவிட முடியாது. சேலையோடு நின்ற பிள்ளையும் வீடு எரிந்த பிள்ளையும் ஒருவன்தான்.