கதவு திறந்தா மட்டும் போதாது, தோழர்களே!

(ஐ.டி. அணி பயிற்சிக் கூட்டத்தில் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னரா இருந்தவர் எலிஹு யேல். அவர் கொடுத்த நன்கொடைக்காகத்தான் 1718-ல் ஓர் அமெரிக்கக் கல்லூரிக்கு 'யேல்' என்று பெயர் வந்தது. கல்லூரி தொடங்கியது 1701-ல். அங்கே இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது எப்போ தெரியுமா? 1969-ல். 268 வருஷம் கழிச்சு!

சரி, சேர்த்தாச்சு. பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. ஆண் மாணவர் எண்ணிக்கை குறையாதுன்னு நிர்வாகம் உறுதி கொடுத்திருந்தது. அதனால பெண்களுக்கு மிச்ச இடம் மட்டும்தான்.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கலை. பாட்டுக் குழுக்கள் எல்லாம் ஆண்களுக்கு மட்டும்னு இருந்தப்போ, முதல் வருஷமே 'நியூ ப்ளூ' என்று சொந்தக் குழு தொடங்கினாங்க. 1970 பிப்ரவரியில் முன்னாள் மாணவர்கள் விருந்துக்குள்ளே நுழைஞ்சு, மைக்கைப் பிடிச்சு, இன்னும் அதிகமா பெண்களைச் சேருங்கன்னு கேட்டாங்க. மகளிர் மையமும் உருவானது. 1972 கடைசியில் அந்த ஆண்-பெண் கணக்கைக் கைவிட நிர்வாகம் முடிவு செஞ்சது.

அதே 1972-ல் கல்வியில் பாலினப் பாகுபாடு கூடாதுன்னு 'டைட்டில் 9' சட்டமும் வந்தது. ஆனா 1976-லும் யேல் படகுப் போட்டி அணிப் பெண்களுக்குப் படகுத்துறையில் குளியலறை இல்லை! ஆண்கள் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் இவங்க ஈரத்தோட பஸ்ஸில் குளிர்ல காத்திருக்கணும். மார்ச் 3-ம் தேதி 19 பேர் அதிகாரி அறைக்குப் போய், சட்டையைக் கழற்றினாங்க. உடம்பில் 'டைட்டில் 9' என்று எழுதியிருந்தது. செய்தி பத்திரிகையில் வந்தது. அப்புறம்தான் வசதியும் வந்தது.

இப்போ என் கதை. நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜில் லைப்ரரி ராத்திரி 9 மணி வரை. லேடீஸ் ஹாஸ்டல் கேட் 6.30-க்கே பூட்டிடும். என் வகுப்புத் தோழிகள் நாலு வருஷமும் ராத்திரி அந்த லைப்ரரியில் உட்கார்ந்ததே இல்லை. மூணாவது வருஷம்தான் அது எனக்கு உறைச்சது. அப்பவும் நான் கேட்கலை.

அதனால சொல்றேன். அட்மிஷன் உள்ளே விடும், அவ்வளவுதான். உள்ளே நமக்கான இடத்தைச் சங்கம்தான் வாங்கித் தரும். தனியா ஒருத்தி கேட்டா, 'இவளுக்கு என்ன பிரச்சினை'ம்பாங்க. 19 பேரா போய் நின்னா, பதில் சொல்லியே ஆகணும்.

தங்கச்சிகளே, உங்க காலேஜில் ஒண்ணு சேருங்க. தம்பிகளே, கூட நில்லுங்க. ஆனா மைக்கை நீங்க வாங்கிக்காதீங்க.