சார்ஜ் ஏறாத பழைய லேப்டாப்: புதிது வாங்கும் முன்
(பெற்றோர் - மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கல்வி உதவி கேட்டு நமக்கு வரும் மனுக்களில் "லேப்டாப் பழுது, புதிது வேண்டும்" என்று எழுதியவை அடிக்கடி வருகின்றன. விசாரித்தால், "சார்ஜ் நிற்கவில்லை", "வயரை எடுத்தால் அணைந்துவிடுகிறது", "சார்ஜ் ஏறுவதே இல்லை" என்பார்கள். சில வீடுகளில் இதற்காகத் தவணையில் புதிது வாங்கி, வட்டியில் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் இருப்பதோ பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ பயன்படுத்தியது, அல்லது 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது. தட்டச்சு செய்ய, பாடம் பார்க்க, விண்ணப்பம் போட இன்னும் உதவக்கூடிய பொருள்தான். அதை ஓரங்கட்டும் முன் வீட்டிலேயே எதையெல்லாம் பார்க்கலாம் என்று சொல்லத்தான் இன்று உங்களை அழைத்தோம்.

முதலில் சுவரைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். பிளக் பாயிண்ட் தளர்ந்திருப்பதும் எக்ஸ்டென்ஷன் பெட்டி கெட்டிருப்பதும் நம் வீடுகளில் சாதாரணம். அதே பாயிண்டில் மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அடுத்து, சுவரிலிருந்து அடாப்டர் பெட்டிக்கு வரும் கனமான வயர். பலவற்றில் அது பெட்டியிலிருந்து தனியாகக் கழன்று வரும். அது தளர்ந்திருந்தால் நன்றாக அழுத்திச் செருகுங்கள். மூன்று பின் உள்ள வயரை இரண்டு பின்னாக மாற்றும் கட்டையில் செருகினால் எர்த் இணைப்பு போய்விடும். லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் லேசாகச் சுரீரென்று இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இனி அடாப்டர். பெரும்பாலான கோளாறுகள் இங்கேதான் இருக்கின்றன. ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அவுட்புட் என்று போட்டு, 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்பது போல அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் சுமார் 65 வாட். இதே போன்ற அளவு லேப்டாப்பின் அடிப்பக்கத்திலும் இருக்கும். இரண்டிலும் வோல்ட் ஒத்துப்போக வேண்டும், 19-க்கும் 19.5-க்கும் உள்ள சிறு வித்தியாசத்தைப் பெரும்பாலானவை பொறுத்துக்கொள்ளும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால்தான் தொல்லை. சின்ன லேப்டாப்புக்கு வந்த 40 வாட் அடாப்டரை 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் போட்டால், அது ஓடும்போது சார்ஜ் ஏறாது, அணைத்து வைத்தால் மெல்ல ஏறும். "ராத்திரி ஏறுகிறது, பகலில் ஏறவில்லை" என்று ஒரு தாயார் நம்மிடம் சொன்னார்கள். வீட்டில் இரண்டு அடாப்டர்கள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. டெல், ஹெச்.பி. போன்ற சில நிறுவனங்களின் பழைய அடாப்டர் முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். 'நான் இத்தனை வாட் அடாப்டர்' என்று லேப்டாப்புக்குத் தெரிவிப்பது அதன் வேலை. அந்த ஊசி வளைந்தாலோ, அதன் வயர் உள்ளே அறுந்தாலோ, லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதே நிலைதான் இருக்கும். ஆகவே பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன், அதே மாடல் வைத்திருப்பவரிடம் அடாப்டரைப் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை வீட்டில் கிடையாது.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். உருண்டை முனையின் உள்துளையிலும் வெளி உலோகத்திலும் வைத்து அளந்தால், அச்சிட்ட வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் அடாப்டர் முடிந்தது. சரியாக வந்தாலும் முழு நம்பிக்கை வைக்காதீர்கள். சும்மா இருக்கும்போது 19 காட்டிவிட்டு, லேப்டாப்பில் செருகிச் சுமை வந்ததும் படுத்துவிடுகிற அடாப்டர்களும் உண்டு. செருகியதும் அடாப்டரின் விளக்கு அணைந்து, கழற்றியதும் மறுபடி எரிந்தால், லேப்டாப்பின் உள்ளே ஷார்ட் இருக்க வாய்ப்புண்டு. அதற்குமேல் நீங்கள் முயல வேண்டாம்.

செருகும் துளை தளர்வதும் உண்டு. வயரை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் கோளாறு வயரின் கழுத்திலோ, துளையிலோ இருக்கிறது. வேறு அடாப்டரிலும் அதே கதைதான் என்றால் துளைதான். சில மாடல்களில் அது சிறு வயரோடு தனியாகக் கழன்று வரும், மாற்றுவது சுலபம். சிலவற்றில் மதர்போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றியிருப்பார்கள், அதற்குக் கை தேர்ந்தவர் வேண்டும். சாய்த்துப் பிடித்து, புத்தகத்தை முட்டுக்கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். தளர்ந்த இடம் சூடேறிக் கருகினால் செலவு பல மடங்காகும்.

இவையெல்லாம் சரி என்றால், லேப்டாப்பை அணைத்து, அடாப்டரை எடுத்து, பேட்டரியையும் கழற்றுங்கள். பழையவற்றில் அடியில் இரண்டு தாழ்கள் இருக்கும். பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் செருகி ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் அடாப்டரும் துளையும் அநேகமாகச் சரி. அணைத்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். பல நேரம் இந்த ஒரு கழற்றி மாட்டலிலேயே சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். பேட்டரி உள்ளே வைத்து மூடப்பட்ட மாடலாக இருந்தால் நீங்கள் திறக்க வேண்டாம்.

60 சதவீதத்தோடு நின்றுவிடுகிறதா? அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். பேட்டரியின் ஆயுளைக் காக்க, பாதிக்குச் சற்று மேலே சார்ஜை நிறுத்தும் அமைப்பு லெனோவா போன்ற சில லேப்டாப்களில் உண்டு. அவர்களின் சொந்த மென்பொருளில் அதை அணைத்துவிடலாம்.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்தவற்றில் கணினியே சொல்லும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்தையும் சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். வரும் அறிக்கையில் இரண்டு எண்கள் முக்கியம்: புதிதில் இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. முதலாவது 48,000, இரண்டாவது 20,000 என்றால் பாதிகூட மிச்சமில்லை. அந்த பேட்டரியை மாற்றலாம். மேசையில் வைத்து வயரோடு பயன்படுத்தினால் போதும் என்பவர்கள், கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதை எடுத்துவிட்டே பயன்படுத்தலாம். மின்சாரம் போனால் அணைந்துவிடும். எழுதுவதை அடிக்கடி சேமித்துக்கொள்ள வேண்டும்.

தாய்மார்கள் இதை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். டச்பேட் மேலெழும்பி நின்றாலோ, அடிமூடி பிதுங்கினாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அடக்குவது கடினம். மெத்தைமேல் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடக்கூடாது, பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

புது அடாப்டர் வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய தயாரிப்பு என்று தெரியும். எண் இல்லாததை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை. அதில் குடும்பப் படங்கள், பெண் பிள்ளைகளின் படங்கள், வங்கி விவரங்கள் இருக்கும். முடிந்தால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். சார்ஜ் கோளாறு பார்க்க அது தேவையில்லை. கழற்ற முடியாவிட்டால், கணினி ஓடும்போதே படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்து, அதிலிருந்து அழித்து, இணையக் கணக்குகளிலிருந்தும் வெளியேறிவிட்டுக் கொடுங்கள். செலவு எவ்வளவு என்று முன்பே கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள்.

உதவி மனு கொடுக்க வருபவர்கள் இனி லேப்டாப்பையும் அதன் அடாப்டரையும் கையோடு கொண்டு வாருங்கள். இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கட்டும். மனுவைப் பார்க்கும் அன்றே அதையும் போட்டுப் பார்த்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.