அயல்நாட்டு வியாபாரமும் அயலார் வழக்கமும்

(விருத்தாசலத்தில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



அயல்நாட்டு வியாபாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டார்கள். நான் பெரிய ஏற்றுமதி வர்த்தகன் அல்லேன். சூளையோரத்தில் வளர்ந்தவன், அயல்நாட்டுக்குச் சரக்கனுப்ப முயன்று ஒருமுறை நஷ்டமடைந்தவன். லாபம் கண்டவன் வார்த்தையைக் காட்டிலும் நஷ்டப்பட்டவன் வார்த்தை சில வேளைகளில் அதிகம் பயன்படும் என்னும் துணிவினாலேயே உங்கள் முன் நிற்கின்றேன்.

நம் குலத்துக்குப் பெருமை தந்த திருநீலகண்ட நாயனார் சரித்திரத்தை அறியாதார் இங்கு யாருமிலர். தில்லையில் வேட்கோவர் குலத்தில் தோன்றி, சிவனடியார்க்குத் திருவோடு வனைந்து கொடுத்து வந்தவர் அவர். சிவயோகியார் வடிவில் வந்த இறைவன் ஓர் ஓட்டை அவரிடம் ஒப்புவித்துச் சென்றார். பின்பு அதனை மறையச் செய்து, திரும்பி வந்து கேட்டார். ஓட்டைக் காணாத நாயனார், அதனினும் நல்லதொரு புதிய ஓடு தருவதாகச் சொன்னார். யோகியாரோ, பொன்னால் செய்த ஓடாயினும் வேண்டேன், நான் தந்த மண்ணோடே வேண்டும் என்றார். இச்சரித்திரத்தின் உட்பொருள் பக்தி நெறியைச் சார்ந்தது. ஆயினும், மண்பாண்டம் செய்து விற்பவராகிய நமக்கு இதில் வியாபார நெறியும் ஒன்று உண்டு. "இது அதனினும் நல்லது" என்று விற்பவன் தீர்மானிக்கலாகாது. எது வேண்டும் என்பதை வாங்குகிறவனே அறிவான்.

இவ்வுண்மையை நன்கு அறிந்து செல்வமடைந்தோர் சீன தேசத்துக் குயவர். அவர்கள் தேநீர்க் கிண்ணத்துக்குக் கைப்பிடி வைப்பதில்லை. இரு கையாலும் ஏந்திப் பருகுவது அவர்கள் வழக்கம். ஐரோப்பியருக்கோ கைப்பிடியும் கீழ்த்தட்டும் வேண்டும். பீர்க் குவளையும் உப்புக் கிண்ணமும் வேண்டும். இவற்றைச் சீனர் கண்டதில்லை. ஆகையால் 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கம்பெனியார், தங்கள் தேசத்துப் பாத்திரங்களைப் போல மரத்தால் மாதிரிகள் கடைந்து சீனத்துக்கு அனுப்பினார்கள். சீனக் குயவர் "எங்கள் பாத்திரமே சிறந்தது, வேண்டுமானால் வாங்கு" என்று சொல்லவில்லை. மாதிரியைப் பார்த்துச் செய்தார்கள். மண்ணும் மெருகும் கைத்திறனும் அவர்களுடையவை. வடிவம் மட்டும் வாங்குகிறவனுடையது. அவ்விதம் கப்பலேறிய பீங்கான் ஐரோப்பா முழுதும் நிரம்பிற்று.

இனி என் கதையைச் சொல்கின்றேன். நம் ஊரில் பொம்மை, விளக்கு, மின்சார பியூஸ் கட்டை முதலியன செய்து பிழைப்போர் பலர். நானும் பொம்மையும் சிறு கிண்ணங்களும் செய்து வந்தேன். ஒரு நண்பர் மூலமாக ஜப்பானிய வர்த்தகர் ஒருவரின் பரிச்சயம் கிடைத்தது. மாதிரியாகக் கிண்ணங்களைப் பெட்டிக்கு நான்காக அடுக்கி அனுப்பினேன். அவரிடமிருந்து மிக மரியாதையான கடிதம் வந்தது. வேலைப்பாட்டைப் புகழ்ந்திருந்தார், "இதனைப் பற்றி நன்கு ஆலோசிப்போம்" என்று முடித்திருந்தார். நான் அதனைச் சம்மதமென்றே கொண்டேன். கடன் வாங்கிக் களிமண்ணும் விறகும் சேர்த்து, ஒரு சூளை நிறையக் கிண்ணங்களைச் சுட்டெடுத்தேன். உத்தரவு வரவில்லை. மாதங்கள் கழிந்தன. அக்கிண்ணங்களில் பாதியைத் திருவிழாக் கடைகளில் அடக்க விலைக்கும் குறைத்து விற்றேன். மீதி இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

பின்னரே இரண்டு விஷயங்கள் எனக்கு விளங்கின. ஜப்பானியர் பாஷையில் நான்கு என்னும் எண்ணின் ஓசையும் மரணம் என்னும் சொல்லின் ஓசையும் ஒன்று. ஆதலின் கிண்ணமும் தட்டும் அங்கே பெரும்பாலும் ஐந்தைந்தாக விற்கப்படும். நான்கு கிண்ணத்தைப் பெட்டியிலிட்டுப் பரிசாகக் கொடுக்க யார் துணிவார்? இரண்டாவது, எதிரிலிருப்பவன் முகம் வாடும்படி "மாட்டேன்" என்று சொல்வதை அவர்கள் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். "ஆலோசிப்போம்" என்பது பல சமயங்களில் மறுப்பேயாகும். அவ்வர்த்தகர் என்னை ஏமாற்றவில்லை. தம் வழக்கப்படி தெளிவாகவே மறுத்திருந்தார். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய காரணம் ஒன்றுண்டு. நாமும் அவ்வாறே பேசுகிறவர்கள் அல்லவா? நம் கடைக்காரர் சரக்கு தீர்ந்துபோனால் "இல்லை" என்று வாயால் சொல்லக் கூசி, "நாளை வரும்" என்பார். விடைபெறும்போது "போகிறேன்" என்னாமல் "போய் வருகிறேன்" என்கின்றோம். பெண் கேட்டு வந்தவரிடம் "பார்க்கலாம்" என்றால், வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து விடுவார். அதன் பொருளை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டில் நன்கு விளங்கும் இந்நாகரிகம், அயலான் வீட்டில் இருக்குமென்று மாத்திரம் நமக்குத் தோன்றுவதில்லை. ஒல்லாந்தரும் ஜெர்மானியருமோ இதற்கு மாறாக, வேண்டாமென்பதைப் பெரும்பாலும் முகத்துக்கு நேரே சொல்லி விடுவார்கள். அதனை நாம் அவமதிப்பென்று எண்ணி மனம் நோகின்றோம். நாம் சம்மதத்துக்கு அடையாளமாகத் தலையை இருபுறமும் அசைப்பதைக் கண்டு மறுப்பென்று எண்ணுவோரும் உளர். நம் பிள்ளையாரின் பீடத்தில் மங்களமாக எழுதும் ஸ்வஸ்திகம், நாஜிகள் அதனைக் கைக்கொண்ட காரணத்தால், ஐரோப்பியர் பலருக்குப் பெருந்துயரத்தை நினைவூட்டுவது. நாஜிச் சின்னங்களைப் பகிரங்கமாக வழங்குவோர் ஜெர்மனியில் சட்டப்படி தண்டனைக்கு உரியவராவர். சின்னம் ஒன்று, கண்கள் வேறு.

சரக்கையும் சொல்லையும் அறிந்தால் போதுமா எனின், போதாது என்பதற்குத் தமிழருடைய சரித்திரத்திலேயே பெரியதோர் சான்று இருக்கின்றது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் நடத்திய லேவாதேவியைச் சொல்கின்றேன். 1852-ல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு உலகமெங்கும் கிராக்கி உண்டாயிற்று. காட்டைத் திருத்தி வயலாக்கக் குடியானவனுக்குப் பணம் வேண்டும். அப்பணத்தைத் துணிந்து கொடுத்தவர்கள் நகரத்தார். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாக உயரும் வரை அவர்கள் பெற்ற பயிற்சியும், பேரேட்டின் ஒழுங்கும், வாக்கின் உறுதியும் எவரும் மெச்சத்தக்கவை. அவ்வகுப்பைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அவர்களால் 1929-ல் நமக்கு அருகே சிதம்பரத்தில் நிறுவப்பெற்ற சர்வகலாசாலை இன்றும் விளங்குகின்றது.

ஆயினும் 1930-ஐ ஒட்டி உலகெங்கும் விலை வீழ்ந்தபோது நெல்லின் விலையும் வீழ்ந்தது. குடியானவனால் வட்டி கட்ட இயலவில்லை. அடமான நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில், 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தார் வசமிருந்தது. 1938-ல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. அவர்கள் நிலத்தை விரும்பி வந்தவர் அல்லர். பணம் திரும்பினால் போதுமென்றிருந்தவர்கள். சட்டப்படியும் கணக்குப்படியும் அவர்கள் செய்தது சரி. ஆனால் நிலமிழந்த பர்மியன் கண்ணுக்கு அக்கணக்கு தெரியவில்லை. மேலாள் குடும்பத்தை ஊரிலேயே விட்டு, மூன்று வருஷத் தவணைக்கு வந்து, கிட்டங்கியில் தன்னவரோடு உண்டு உறங்கி, பொருளோடு ஊர் திரும்புவதே அவன் கண்டது. நம்மவர்க்கு அது சிக்கனமும் குல ஒழுக்கமும் ஆகும். அவனுக்கோ அது தன்னை அண்டாத அயலானின் செயல். 1938-ல் ரங்கூனில் இந்தியருக்கு விரோதமாகக் கலகம் நிகழ்ந்தது. 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பின்போது லட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். பலர் காட்டுவழி நடந்து மாண்டனர். 1948-ல் நிலங்களைத் தேசவுடைமையாக்கும் சட்டம் பிறந்தது. 1962-க்குப் பின் எஞ்சிய வியாபாரமும் போயிற்று.

இதனைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. விலை வீழ்ச்சியும் யுத்தமும் அந்நிய ஆட்சியின் சட்டமும் யாருடைய கையிலும் இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. அயலாருடைய வழக்கத்தை நாம் அறிவது பாதி. நம்முடைய வழக்கம் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதை அறிவது மறுபாதி. முதற்பாதியை அறியாமல் நான் இழந்தது ஒரு சூளைக் கிண்ணம். மறுபாதி குறைந்தபோது, விபத்துக் காலத்தில் அண்டை வீட்டானே எதிரியாகி விடுகின்றான்.

இனி நாம் செய்யத்தக்கது யாது? நம் பிள்ளைகள் பீங்கான் தொழிற்கல்வி பெற நம் ஊரிலேயே கலாசாலை இருக்கின்றது. மண்ணின் குணமும் சூளையின் உஷ்ணமும் அவர்களுக்கு நன்கு தெரியும். பாத்திரத்தை வாங்குகிறவன் அதில் எதை ஊற்றுவான், எந்தக் கையால் எடுப்பான், யாருக்குப் பரிசளிப்பான் என்பதே தெரியாது. நம் குடும்பங்களில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அரபு நாடுகளிலும் பிழைப்போர் இல்லாத வீடு சிலவே. அவர்கள் ஊருக்கு வரும்போது தங்கச் சங்கிலியின் எடையை விசாரிக்கின்றோம். அந்நாட்டார் வீட்டு அடுக்களையில் என்ன பாத்திரம் இருக்கின்றது என்று விசாரிப்பதில்லை. நம் சங்கத்தில் ஒரு குறிப்புப் புஸ்தகம் வைப்போம். வெளிநாடு சென்று வந்தவர் ஒவ்வொருவரும் தாம் கண்டதை அதில் எழுதட்டும். அங்கே வீட்டு வேலைக்குச் சென்ற நம் பெண்களும் சொல்லட்டும்; அடுக்களையை அவர்களினும் நன்கறிந்தவர் யார்? நஷ்டப்பட்டவரும் கூசாமல் எழுதட்டும். முதற்பக்கத்தில் என் நான்கு கிண்ணக் கதையை நானே எழுதித் தருகின்றேன்.

இளைஞர்களே! அயலான் வழக்கத்துக்கு இணங்குவதனால் நம் குல மானம் குறையும் என்று அஞ்சற்க. மரத்தாலான மாதிரியைப் பார்த்துச் செய்ததனால் சீனக் குயவனுடைய கீர்த்தி குறையவில்லை. நாயனார் தம்மிடம் வந்தவர் யாரென்று அறியாமலே, அவர் கேட்ட மண்ணோட்டின் பொருட்டுத் தம்மைச் சோதனைக்கு உட்படுத்தினார். நம் வாயிலுக்கு வருகிறவன் எத்தேசத்தானாயினும், அவன் கேட்கும் ஓடு எது என்று முதலில் செவிகொடுத்துக் கேட்போம். அதன் பின்னர் சூளைக்குத் தீ மூட்டுவோம்.