குடல் நோயும் நேர்த்திக்கடனும்



ஒரு தோழர் நம்மிடம் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பல வருஷமாய்ப் பெருங்குடல் புண் நோயாம். மலத்தில் இரத்தமும் சீதமும் போய்க் கொண்டிருந்ததாம். நேர்த்திக்கடன் செலுத்தியபின் இரத்தம் நின்றுவிட்டதால் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறார்.

நிறுத்தக் கூடாது என்பதே நமது பதில். இவ்வியாதி சில காலம் மூளும். சில காலம் தானே அடங்கும். அடங்குகிற சமயத்தில் எவன் கையில் விபூதி இருந்ததோ அவன் பேர் வாங்கிக் கொள்கிறான். மறுபடி மூண்டாலோ, பழி நோயாளியின் பக்திக் குறைவின் மேல்!

மருந்தை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்ற டாக்டர்கள் 210 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கார்ட்டிசோனும் மற்றதற்குப் போலி மாத்திரையும் கொடுத்து, 1955-ல் முடிவை வெளியிட்டார்கள். 6 வாரத்தில் நோய் அடங்கியது, மருந்து உண்டவரில் 100-க்குச் சுமார் 41 பேருக்கு. போலி மாத்திரை உண்டவரில் சுமார் 16 பேருக்கு. அந்த 16 பேர்தான் சாமியார்களின் மூலதனம்! இப்படிப் பரீட்சைக்கு நிற்க எந்தச் சாமியாவது தயாரா?

டாக்டர் சொல்லையும் வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு மூண்டதை அடக்கும். நெடுநாள் தின்றால் எலும்பு நலியும், சர்க்கரை ஏறும். அடங்கியதை அடக்கியே வைக்க மெசலமைன் போன்ற மாத்திரைகள் உண்டு. அதற்கும் கேளாவிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றால் தொற்றுநோய் அபாயம் கூடும், சிலவற்றின் விலையும் அதிகம். ஒவ்வொன்றிலும் லாபமென்ன, நஷ்டமென்ன, செலவென்ன என்று கேட்டுத் தீர்மானியுங்கள்.

எதற்கும் அடங்காதபோது பெருங்குடலை எடுத்துவிடுவதும் ஒரு வழி. அதனால் சிலர் வயிற்றில் மலப்பை கட்ட வேண்டிவரும். உடனே "தீட்டாயிற்றே, பந்தியில் உட்காரலாமா?" என்று பயந்து, உயிரையே இழக்கத் துணிகிறார்கள். மலம் இல்லாத வயிறு எவனுக்கு உண்டு? குருக்கள் வயிற்றில் சந்தனமா இருக்கிறது? பையோடு உண்ணலாம், உழைக்கலாம், மணம் செய்து வாழலாம்.

ஆகையால் தோழர்களே! வெட்கத்தை விட்டு வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சீட்டு எழுதிய தோழர் நாளைக்கும் மாத்திரையை உண்ண வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.