பண்டிகைக் காலமும் லாரித் தொழிலும்

(நமது சங்கத்தின் கரையாம்புத்தூர்க் கூட்டத்தில் அன்பர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பண்டிகைக் காலத்திற்கு நமது லாரித் தொழிலை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு நம் சங்கத்தார் என்னைப் பணித்தனர். யான் புலவனல்லேன், லாரி வைத்துப் பிழைத்தவன். ஆதலின் படித்ததைக் காட்டிலும் பட்டதையே மிகுதியாகச் சொல்வேன், பிழையிருப்பின் பொறுத்தருள்க.

நம் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது. இதன் எல்லையோ தமிழ்நாட்டு நிலத்துடன் பின்னிக் கிடப்பது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை இங்குப் பிரெஞ்சு ஆட்சி நடந்தது. இன்று அவ்வேற்றுமை இல்லை. விற்பனை வரிச் சாவடிகளும் 2017-ஆம் ஆண்டு ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் நீங்கின. ஆயினும் சுமை ஏற்றிப் புறப்படும் நம் வண்டி சிறிது தூரத்திலேயே வேறு மாநிலத்தில் நிற்கிறது. எனவே பர்மிட்டு, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் ஆகியவற்றில் ஒன்று தவறினும், உள்ளூரிலேயே ஓட்டுபவனைவிட நமக்குத் துன்பம் அதிகம். வண்டியின் வயது எட்டு வருஷத்தைக் கடந்தால் எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். அது ஐப்பசியில் முடிவதாயின் ஆவணியிலேயே புதுப்பித்துக் கொள்வது விவேகம்.

ஆயுத பூஜை தொடங்கித் தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் வரை நமக்கு அறுவடைக் காலம். ஈரோட்டு ஜவுளியும் மஞ்சளும், கடலூர்ப் பக்கத்துக் கரும்பும், மளிகையும் வெல்லமும் ஓயாமல் நகர்கின்றன. ஆனால் இறைவன் இவ்வறுவடையையும் வடகிழக்குப் பருவமழையையும் ஒரே காலத்தில் வைத்தான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி வீசிய தானே புயலை யார் மறப்பார்? 2024 நவம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தென்பெண்ணை பெருகிற்று, அரசூரருகே திருச்சி நெடுஞ்சாலையே நீரில் முழுகி, வண்டிகள் வரிசையாய் நின்றன. இத்தகைய காலத்தில் நல்ல டயரும் கிழியாத தார்ப்பாயும் செலவாகா; அவையே முதல்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது உழவனுக்கு மட்டும் சொன்னதன்று. ஆடியில் மணவினைகள் இல்லை, சரக்கு மந்தம். வண்டியை நிறுத்திப் பிரேக்கு, கமான் பட்டை, பாட்டரி, வைப்பர், விளக்கு ஆகியவற்றைப் பழுது பார்க்க அதுவே தக்க பருவம். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், நன்று. அச்சக்கரத்தின் டயர் வழுக்கையாயிருந்தால் எலுமிச்சம்பழம் என் செய்யும்?

இனி, சுமையைப் பற்றி. 2018-ஆம் ஆண்டு அரசாங்கத்தார் மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினர். அதற்கு மேலும் ஏற்றுவோர் உளர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வகுத்துள்ளது. மிகுதியை வழியிலேயே இறக்கவும் வேண்டும். நடு வழியில் மழையில் இறக்கிய ஜவுளிக்கு யார் பொறுப்பு? பட்டாசையோ, அதற்குரிய அனுமதியும் ஏற்பாடும் இல்லாத வண்டியில் எவ்வளவு வாடகை தந்தாலும் ஏற்றற்க.

இ-வே பில்லின் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால், காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும், முடிந்தபின் எட்டு மணி நேரம் வரையும் அதனை நீட்டித்துக் கொள்ள வழியுண்டு. இதனை அறியாமல் தண்டம் கட்டுவது வீண்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வியாபாரிகள் வாடகையைப் பண்டிகை கழித்தே தருவர். டீசலுக்கோ அன்றே ரொக்கம் வேண்டும். ஆகவே இரண்டு மாதத் தவணைப் பணத்தையேனும் ஆவணிக்குள் ஒதுக்கி வையுங்கள். கையில் பணமில்லாதவன்தான் ஆகாத லோடையும் ஏற்றுகிறான்.

சகோதரர்களே! இவையெல்லாம் இரும்பையும் காகிதத்தையும் பற்றியவை. யான் சொல்ல வந்த முக்கிய விஷயம் வேறு.

பல வருஷங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வாரம். என் டிரைவர் விடியற்காலையில் ஈரோட்டிலிருந்து திரும்பினான். நம் தெருப் பிள்ளைதான். "அண்ணே, இரண்டு இரவாகக் கண் மூடவில்லை, இன்று ஒரு பொழுது தூங்கிவிட்டுப் போகிறேன்" என்றான். எனக்கோ இன்னொரு லோடு காத்திருந்தது. வாடகை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு. "தீபாவளியன்று தூங்கலாம், தம்பி, இப்பொழுது புறப்படு" என்றேன். அன்றிரவு உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் அவன் கண் அயர்ந்தது. வண்டி சாலையை விட்டிறங்கிப் புளிய மரத்தில் மோதிற்று. அவன் பிழைத்தான். பக்கத்தில் உறங்கிய கிளீனர்ப் பையனுக்குப் பத்தொன்பது வயது. வலக் கால் நசுங்கிற்று. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. காலுக்கு என்ன வந்தாலும் கால் வரவில்லை. மருத்துவமனையில் அவன் தாயார் என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றளவும் என்னைச் சுடுகிறது.

அந்த வண்டியில் பிரேக்கு புதியது; டயர் புதியது; காகிதங்கள் யாவும் சரி. பழுதாயிருந்தது என் ஆசையொன்றே. 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி வேலையென்றும், ஐந்து மணி ஓட்டினால் அரை மணி ஓய்வென்றும் வகுத்தது. மனிதனின் கண் எவ்வளவு தாங்கும் என்று கண்டே அவ்வாறு வகுத்தனர். பண்டிகை வந்ததென்று கண்ணின் வலி குறைவதில்லை.

"தூங்க விட்டால் லோடு போய்விடுமே; தவணை யார் கட்டுவது?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமே. ஒற்றை வண்டிக்காரன் இன்னொரு டிரைவரை வைத்துக் கட்டுப்படியாகாது. அதற்கு யான் கண்ட வழி இது: மூன்று வண்டிக்காரர் ஒன்றுகூடிப் புரட்டாசி முதல் தை வரை நான்காவதாக ஒரு டிரைவரை அமர்த்துக. சம்பளத்தை மூவரும் பங்கிடுக. எவன் களைத்து வருகிறானோ அவன் இறங்க, இவன் ஏறுக. ஒருவர் லோடை ஒருவர் வாடகை குறைத்துப் பறிப்பதால் இழக்கும் பணமே அச்சம்பளத்திற்குப் போதும். கடந்த நான்கு பருவங்களாக யானும் அண்டை வீட்டார் இருவரும் இவ்வாறு செய்து வருகிறோம். லாபம் சிறிது குறைந்தது. தவணை ஒன்றேனும் தவறவில்லை.

சங்கம் என்பது வருஷத்திற்கொருமுறை கூடி மாலை சூட்டிக் கொள்வதற்கு மாத்திரமன்று. அடுத்த கூட்டத்திற்குள் இவ்வூர் வண்டிக்காரர்கள் மும்மூவராய்ச் சேர்ந்து தங்கள் பெயர்களைக் காரியதரிசியிடம் கொடுப்பார்களாயின், யான் பேசியது வீணாகாது. அந்தப் பையன் இன்று என் கொட்டகையில் கணக்கெழுதுகிறான். நான்காவது டிரைவரின் சம்பளத்தை மாதந்தோறும் எண்ணிக் கொடுப்பவனும் அவனே.