வீட்டுக்கு வருமுன் கேட்க வேண்டிய கேள்வி



ஸ்ட்ராத்ஃபீல்ட் கடைகளில் நம்மவர்களைக் கண்டால் ஒரு கதை அடிக்கடி காதில் விழும். "அவருக்கு மாரடைப்பு வந்ததாம். ஸ்டென்ட் வைச்சாச்சு, இனிப் பயமில்லை." ஸ்டென்ட் அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து விடுகிறது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே இறந்துபோன இதயத்தசை திரும்பி வருவதில்லை. அதனால்தான் இனி வரக்கூடிய ஆபத்தை வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கணக்குப் பழையது. 1967 இல் அமெரிக்காவில் கில்லிப், கிம்பால் என்ற இரு வைத்தியர்கள் மாரடைப்பு வந்த 250 பேரை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். இதயம் தளராத முதல் வகுப்பில் இறந்தவர்கள் 6 வீதம். இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போன நான்காம் வகுப்பில் 81 வீதம். இன்றைய சிகிச்சைகள் இல்லாத காலம் அது.

1999 இல் தொடங்கிய 'கிரேஸ்' என்ற பன்னாட்டு ஆய்வில் அவுஸ்திரேலியாவும் சேர்ந்திருந்தது. அதிலிருந்து வந்த கணக்கு எட்டு விஷயங்களைப் பார்க்கிறது: வயது, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலை, கில்லிப் வகுப்பு, வரும்போது இதயம் நின்றதா என்பது, ஈ.சி.ஜி. மாற்றம், இரத்தத்தில் இதயத்தசைச் சேதத்தின் அடையாளம்.

எட்டும் வைத்தியசாலைக்கு வந்து சேரும்போது எடுப்பவை. வீட்டுக்குப் போனபின் குளிசை போடுவாரா, சிகரெட்டை விடுவாரா என்று அந்தக் கணக்குக் கேட்பதில்லை. அது நம் கையில் இருக்கிறது.

நான் பல வருடங்களாக வைத்தியசாலைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வைத்தியர் ஆபத்தை விளக்குவார். பக்கத்தில் இருக்கும் மகள், "கவனமா இருக்கட்டாம், அப்பா" என்று முடித்துவிடுவாள். பாசம்தான் காரணம். போரையும் முகாமையும் கண்டு வந்த அப்பாவுக்கு இன்னொரு பயம் எதற்கு என்று நினைப்பாள். ஆனால் அந்த அப்பா, சுகமாகிவிட்டது என்று நினைத்து மூன்றாம் மாதம் குளிசையை நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையலாம்.

ஆகையால் வீட்டுக்கு வருமுன் வைத்தியரிடம் இவற்றைக் கேளுங்கள். என் இதயம் ஒரு துடிப்பில் எத்தனை வீதம் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது? எக்கோ ஸ்கானில் அது தெரியும். 55 க்கு மேல் என்றால் நல்லது. 35 க்குக் கீழே போனால் இதயம் திடீரென நிற்கும் ஆபத்து உண்டு. மருந்து எடுத்து, குறைந்தது 40 நாட்கள் கழித்து மீண்டும் அளந்து, நெஞ்சில் ஒரு கருவி பொருத்துவதா என்று முடிவெடுப்பார்கள். எந்தக் குளிசை எத்தனை மாதம்? இதயப் புனர்வாழ்வு வகுப்பு எங்கே?

பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். அரச வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். கேட்டால் தருவார்கள்.

கணக்கு என்பது தலையெழுத்து அல்ல. ஆனால் மீண்டும் நெஞ்சு நொந்தால் கணக்குப் பார்க்க வேண்டாம். உடனே 000 ஐ அழையுங்கள்.