நடிகமணி வைரமுத்துவும் மயான காண்டமும்



காங்கேசன்துறை தந்த இசை நாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களைப் பற்றி இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம். சைவ இளைஞர் சபையிலே நாடகக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வாய்மை ஒன்றையே பொருளாகக் கொண்டு விடியவிடியப் பாடியவருக்கு இங்கு இடமில்லையாயின் வேறெங்கு இடம்?

அவர் பிறந்தது 1924இல், மறைந்தது 1989இல். அவர் கைக்கொண்ட கலை இம்மண்ணில் முளைத்ததன்று. தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த கம்பெனிகள் கொட்டகை கட்டி ஆடியதைக் கண்டு நம்மவர் தமதாக்கிக்கொண்டது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும், பார்சிக் கம்பெனியாரின் திரைச்சீலையும், ஆர்மோனியமும் மிருதங்கமும் கூடிய வடிவம். அங்கே இரவற் குரல் கிடையாது, நடிப்பவரே பாடவேண்டும். ஒலிபெருக்கி வராத நாளிலே, கோவில் வீதியின் கடைசியில் சாக்கு விரித்திருந்த கிழவிக்கும் சொல் விளங்கவேண்டும்.

வைரமுத்து தமது வசந்த கான சபாவோடு பல நாடகங்கள் ஆடினார். ஆயினும் ஊர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அரிச்சந்திராவையே. அதிலும் மயான காண்டத்தை. கதை எல்லாருக்கும் தெரியும். வீரவாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காக்கிறான் மன்னன். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். வந்தவள் மனைவி என்று அறியாமல், சுடலைக் கூலி தந்தாலன்றிப் பிணம் வேகாது என்கிறான். பிறர் கண்ணுக்குத் தோன்றாத தாலி அவன் கண்ணுக்குத் தோன்றியதும் உண்மை தெரிகிறது. தெரிந்த பின்பும் கூலியை விட அவனுக்கு உரிமையில்லை. அது எசமானுடைய பணம். இவ்விடத்திலேதான் நடிகன் தோற்பான் அல்லது வெல்வான். அழுதால் காவற்காரன் மறைவான். அழாவிட்டால் தகப்பன் மறைவான். இரண்டையும் ஒரு குரலில் நிறுத்தியமையாலேயே ஆயிரக்கணக்கான மேடைகளில் ஆடியும் வைரமுத்துவின் மயானம் பழசாகவில்லை.

ஒன்றைச் சொன்னால் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். சுடலை காப்பவனாய் நின்ற மன்னனுக்காக இரவெல்லாம் கண்ணீர் விட்ட சனம், விடிந்தபின் மெய்யாகவே சுடலையில் வேலை செய்தவனைக் கோவில் வாசலுக்கு வெளியே நிறுத்திற்று. காங்கேசன்துறைக்கு அயலான மாவிட்டபுரத்திலே 1968இல் ஆலயப் பிரவேசத்துக்குப் போராடவேண்டியிருந்ததை எண்ணிப் பாருங்கள். விடியவிடிய மகிழ்வித்தவனைக் 'கூத்தாடி' என்று இளக்காரமாய்ச் சொன்னவர்களும் நம்மவர்களே.

எண்பதுகளில் போர் வந்தது. இரவு வெளியே நடமாடப் பயந்த நாட்டில் விடியவிடிய நாடகம் எப்படி நடக்கும்? நடிகமணி மறைந்த மறு ஆண்டு, 1990இல், காங்கேசன்துறை மக்களும் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர்.

இன்று நம் கலைவிழாக்களிலே பிள்ளைகள் ஒலிப்பதிவுக்கு வாயசைக்கிறார்கள். பிள்ளைகளில் குறையில்லை, பாடக் கேட்டவர் எவருமில்லை. அரசகேசரிப் பிள்ளையார் வீதியிலோ கந்தசுவாமி கோவில் வீதியிலோ அடுத்த ஆண்டு மயான காண்டம் மட்டுமாவது, ஒன்றரை மணி நேரம், நம் இளைஞர்களே சொந்தக் குரலில் பாடி ஆடவேண்டும் என்று கேட்கிறோம். பழைய பாட்டுகள் நினைவிலுள்ள முதியோரும், ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தோரும் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துச் செல்க. சந்திரமதிக்கு ஆள் தேடவேண்டும். லோகிதாசனுக்குப் போட்டி இப்பொழுதே தொடங்கிவிட்டது.